முதலில் கிளம்பிய பெட்டி

ஜூன் 12, வியாழன்

மோகனாவுக்குக் கிடைத்துவிட்டது. டென்மார்க்கில் மூன்று மாதம் ஆராய்ச்சி. விமான டிக்கெட், தங்குகிற இடம், சாப்பாடு எல்லாம் இவள் படிக்கிற பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்கிறது. எத்தனையோ பேர் எழுதிப்போட்டு நான்கு பேரைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி உடுமலை மாவுக்கார ருக்மணியின் மகள்.

காலையில் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து அப்படியே தூக்கிவிட்டாள். நான் இருக்கிற உயரத்துக்கு என்னை யார் வேண்டுமானாலும் தூக்கலாம்.

"ம்மா, செலக்ட் ஆயிட்டேன்! டென்மார்க்கு!"

"எறக்கி உடுடி மொதல்ல. அங்க போயி என்னத்தப் பாக்கப் போறே?"

"மண்புழு."

"மண்புழுவா? அதுக்கு ஏரோப்ளேனா? எதுத்த வூட்டு சாரதாக்கா கொல்லைல தோண்டுனா ரெண்டு கையும் நெறைய வருமே."

"அங்க அந்தக் குளிர்ல அதுக எப்பிடிப் பொழைக்குதுன்னு பாக்கறாங்கம்மா."

"சரி சரி. பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா மண்புழுன்னு சொல்லிப் போடாதே. பாம்புன்னு சொல்லு. ஒரு மரியாதை இருக்கும்."

என் வீட்டுக்காரர் தண்டபாணி சந்தைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். செய்தியைக் கேட்டு மகள் தலையில் கை வைத்தார். அப்புறம் நேராகப் போய் தினசரி காலண்டர் முன்னால் நின்றுகொண்டார்.

இந்த டைரி அவர் கடைக்கு ஒயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. "இன்னிக்கிருந்து எழுதும்மா, நான் திரும்பி வந்து படிக்கோணும்" என்று மோகனா கையில் திணித்துவிட்டாள். ஆறாவதோடு நின்றவளிடம் வேலை வாங்குவதைப் பாருங்கள். அவள் படிக்கப்போகிறாள் என்பதால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இவருக்கு மகளை அனுப்ப மனசில்லை. வாயைத் திறந்து சொல்ல மாட்டார். சாப்பிடும்போது கேள்வியாகக் கேட்கிறார்.

"அங்க சோறு கெடைக்குமா அம்மணி?"

"அரிசி கெடைக்கும்ப்பா. நானே ஆக்கிக்குவேன்."

"நீ ஆக்கிக்குவயா?"

இதற்குப் பிறகு அவர் கவலை இரட்டிப்பாகிவிட்டது. நியாயந்தான். இவள் வைத்த ரசத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறை குடித்திருக்கிறோம்.

நான் அவரைப்போல இல்லை. போய்விட்டு வரட்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். மூன்று மாதம் என்ன பெரிய மூன்று மாதம்? நான்கு மூட்டை உளுந்து ஆட்டி முடிப்பதற்குள் வந்துவிடுவாள்.

ஜூன் 27, வெள்ளி

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். சின்ன வயசு. மோர் கொடுத்தேன்.

"பொண்ணு எப்பிடிங்கம்மா?" என்றார்.

"ரொம்ப மோசமுங்க. பாத்திரம் கழுவாது. எட்டு மணிக்குத்தான் எந்திரிக்கும். இதையெல்லாம் வெளிநாட்டுக்கு உட்டீங்கன்னா நம்ம நாட்டு மானம் கப்பல்லயே ஏறிரும்."

அவர் பேனாவை மூடிவிட்டார். உள்ளேயிருந்து மோகனா ஓடிவந்து, "சார், எங்கம்மா வெளையாடறாங்க சார்! எல்லார்கிட்டயும் இப்பிடித்தான் சார்!" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள்.

"இது வெளையாடற எடமாங்கம்மா? நான் ஒரு வார்த்தை மாத்தி எழுதினா உங்க பொண்ணு போகவே முடியாது."

"அப்பிடீங்களா?" என்றேன். எனக்கு அது தெரியாது.

அப்புறம் நல்லபடியாகத்தான் எழுதிக்கொண்டு போனார். மோகனா சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தலை வாரிவிடப் போனபோது சொன்னாள்: "உன்ற வெளையாட்டுல எது நெசம்னு எனக்கே தெரிய மாட்டீங்குதும்மா."

நன்றாக எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

டென்மார்க்குப் பேராசிரியை கம்ப்யூட்டரில் வந்தார். பெயர் கிர்ஸ்டன். வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார். நம் பக்கம் அப்படி வெட்டினால் திருப்பதியா, பழனியா என்று கேட்பார்கள். மோகனா அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினாள். நான் கதவோரம் நின்றேன். வீட்டில் ஒரு துணியை மடித்து வைக்காதவள் அந்த அம்மாளிடம் பேசும்போது முதுகை நேராக வைத்துக்கொண்டு, தடங்கல் இல்லாமல், கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டே போகிறாள். அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். வேறு யாரோ பெற்ற பெண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். மோகனா என் காதுக்குள், "ம்மா, ஒழுங்கா கேளு" என்றாள்.

"அங்க மண்புழுவுக்குக் குளுராதுங்களா?" என்று கேட்டேன்.

மோகனா மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் பலமாகச் சிரித்தார். குளிர் வந்தால் மண்ணுக்குள் ஆழமாகப் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளுமாம். வெயில் வந்ததும் மேலே வருமாம்.

"அதையே இவளும் பண்ணுவா. எழுப்பிப் போடுங்க" என்றேன். இதை மோகனா மொழிபெயர்க்கவில்லை.

ஜூலை 19, சனி

குளிர்த் துணி எடுக்கத் திருப்பூர் போனோம். ஏற்றுமதியில் தள்ளிவிட்ட சரக்கு விற்கிற கடை. கடைக்காரர் வாயில் எங்கள் கிரைண்டர் தோற்றது.

"இது நேரா டென்மார்க்குப் போற ஜாக்கெட்டுங்கக்கா."

"நேரா போறது இங்க எதுக்குங்க எறங்குச்சு?"

"ஒரே ஒரு தையல் உட்டுப்போச்சுங்க."

"அப்ப அந்த ஒரு தையல் வழியா டென்மார்க்குக் குளிரு நேரா உள்ள வந்துரும்."

மோகனா அதைப் போட்டுப் பார்த்தாள். கடையில் மின்விசிறி ஓடவில்லை. வேர்த்துக் கொட்டியது. பஞ்சு மூட்டைக்குக் கண்ணும் மூக்கும் வைத்ததுபோல நின்றாள். நானும் கடைக்காரரும் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டோம். அதையே எடுத்துக்கொண்டோம். விட்ட தையலை வீட்டுக்கு வந்து நானே போட்டேன். இரண்டு தரம் போட்டேன்.

ஜூலை 28, திங்கள்

மோகனா விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னை போய்விட்டு வந்தாள். பட்டணத்து இட்லி சரியில்லையாம். சந்தோசம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விசா வரவில்லை. இன்று மாவு பொங்கி வந்தது பாருங்கள், பூப்போல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விசா இன்னும் வரவில்லை. எனக்கு நல்ல பசி. மோகனா சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

விசா வந்துவிட்டது. மாவு புளிக்கவில்லை. தலைவலி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டிக்கெட் வந்தது. 26ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை ராத்திரி கொச்சியிலிருந்து. இவர் காலண்டரின் பின்பக்கம் வரைக்கும் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உனக்குச் சந்திராஷ்டமம். போதாததுக்குக் கரிநாள். செவ்வாய்க்கெழமை வடக்க சூலம் வேற. அந்த ஊரு எந்தத் தெசைல இருக்குது?"

"வடமேற்குப்பா."

"பாத்தயா?"

"ஏனுங்க, ஏரோப்ளேன் மொதல்ல துபாய்க்குத்தான போகுது? அது மேக்க. சூலத்தையெல்லாம் தாண்டி அங்கிருந்து அவங்க திருப்பிக்குவாங்க" என்றேன்.

மோகனா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"தேதிய மாத்த முடியாதா சாமி?"

"யுனிவர்சிட்டி போட்ட டிக்கெட்டுப்பா. இதுல போகலீன்னா அவ்வளவுதான். எனக்கு அடுத்து வெயிட்டிங்ல ஒரு பையன் இருக்கறான். அவனை அனுப்பிப் போடுவாங்க. அடுத்த வருசமெல்லாம் எனக்குக் கெடையாது."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு சாரதாக்கா மாவு வாங்க வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இந்த மொகம்? பரஸ்தானம் வெச்சுருங்க தம்பி" என்றார்.

கிளம்புகிற நாள் நன்றாக இல்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில் பயணப் பெட்டியைக் கொண்டுபோய் இன்னொருத்தர் வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி படி இறங்கிவிட்டால் ஆளும் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் போனாலும் தோசம் இல்லை. இவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வியாழக்கிழமை குறித்துவிட்டார். சாரதாக்கா வீட்டிலேயே வைப்பது என்று முடிவாகிவிட்டது.

"அப்ப நான் வியாழக்கெழமையே டென்மார்க்குப் போயிட்டேன்னு அர்த்தமா?" என்றாள் மோகனா.

"ஆமா. வெள்ளிக்கெழமைல இருந்து உனக்கு இங்க சோறு கெடையாது" என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். மோகனா உள்ளே நான்கு சுடிதாரும் அந்த ஜாக்கெட்டும் வைத்திருந்தாள். இவர் திறந்து பார்த்தார்.

"வெறும் துணி ஆவாது. எது இல்லாம நீ போகவே முடியாதோ, அது உள்ள இருக்கோணும். அதுதான் பரஸ்தானம்."

"எது இல்லாம போக முடியாது? பாஸ்போர்ட்டுத்தான்."

"அப்ப அத வையி."

"அப்பா! பாஸ்போர்ட்டெல்லாம் கண்ட எடத்துல வெக்கக் கூடாதுப்பா."

"கண்ட எடமா? எதுத்த வூடுடி. இங்கிருந்து தும்முனா அங்க நூறுன்னு சொல்லுவாங்க" என்றேன் நான்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை உறையோடு பெட்டிக்குள் வைத்தாள். இவரே தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார். வழியில் பால்காரர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, ஊருக்குங்களா?" என்றார். "டென்மார்க்குங்க" என்று சொல்லிக்கொண்டே இவர் சாரதாக்கா வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். பால்காரர் அந்த வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

சாரதாக்கா வீடு பழைய ஓட்டு வீடு. ஆனால் வாசலுக்குப் போன மாதந்தான் தேக்குக் கதவு போட்டார்கள். கதவுக்கு ஆன செலவில் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளமே போட்டிருக்கலாம். யார் வந்தாலும் முதலில் கதவைத் தடவிப் பார்க்கச் சொல்லுவார். நாங்களும் தடவிவிட்டுத்தான் பெட்டியைச் சாமி அறைப் பக்கம் வைத்தோம்.

"இனிமே பெட்டி திரும்பி நம்ம வாசப்படி ஏறக்கூடாது. இங்கிருந்தே போகோணும்" என்றார் இவர்.

ஆகஸ்ட் 23, சனி

பெட்டி நம் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது அல்லவா? அதனால் நாங்கள்தான் போனோம். நாள் முழுக்கத் தெருவுக்குக் குறுக்கே நடை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், வறுத்த கடலை. நான் வைக்க வைக்க மோகனா எடுத்து வெளியே வைக்கிறாள். தேங்காய் துருவியை வைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, டென்மார்க்குல தேங்காயே கெடையாது."

"அதனாலதான் சொல்றேன், துருவியும் கெடைக்காது."

இவர் பழைய செம்புக் கம்பி எடை போடுகிற தொங்கு தராசைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். பெட்டியை மாட்டித் தூக்கினால் எடை மிஞ்சியது. என் சரக்கில் பாதி திரும்பிவிட்டது. சாரதாக்கா அதை அவர் மகளுக்கு எடுத்துவைத்துக்கொண்டார். மகள் சௌமியா சேலத்தில் நிறைமாதமாக இருக்கிறாள். அடுத்த மாதம் தேதி.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் இவர் கடைக்குப் போய்விட்டார். மோகனா பேராசிரியரிடம் சொல்லிக்கொள்ளக் கோவைக்குப் பஸ் ஏறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டில் ஒரே பரபரப்பு. சௌமியாவுக்குத் தேதிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டதாம். அக்காவும் அவர் வீட்டுக்கார ராமசாமி அண்ணனும் அள்ளிப்பிடித்துக்கொண்டு கார் ஏறினார்கள். அக்கா கண்ணாடியை இறக்கி, "ருக்கு, வர ஒரு வாரமாகும், செடிக்குத் தண்ணி ஊத்தீரு" என்று கத்தினார்.

"பத்தரமா போய்ட்டு வாங்கக்கா. நல்லபடியா சுகப்பிரசவம் ஆகட்டும்" என்றேன். கார் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

பொழுதோடு இவரும் மோகனாவும் வந்துவிட்டார்கள். கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மோகனா இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். நல்ல நாள்.

அதற்கு முன்னால் போய் அக்கா வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு.

ஆகஸ்ட் 27, புதன்

நேற்று எழுத நேரமில்லை.

காலையில் மோகனா கோயிலுக்கும், கூடப் படித்த பெண்கள் வீட்டுக்கும் போய்விட்டு உச்சிப் பொழுதுக்குத்தான் வந்தாள். இரண்டு மணிக்குக் கார். போன் சார்ஜரைப் பெட்டிக்குள் வைக்கத் தெருவைத் தாண்டினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ம்மா, சாரதாப் பெரியம்மா வூடு பூட்டிக் கெடக்குது!"

"சேலத்துக்குப் போயிருக்காங்க. சௌமியாவுக்கு வலி வந்துருச்சு."

"எப்போ?"

"நேத்துக் காலைல."

மோகனா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"உன்கிட்டச் சொல்லிட்டா போனாங்க?"

"ஆமாங்க. அந்த அவசரத்துல பெட்டி நாபகமே வர்லீங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். காயில் எரிந்துபோன மோட்டாரைக் கழற்றியதும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"அய்யோ, பரஸ்தானம்!" என்று அக்கா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. சௌமியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சாவி அக்கா மடியில். அங்கிருந்து யார் கிளம்பி வந்தாலும் எங்கள் கார் புறப்படுகிற நேரம் தாண்டிவிடும்.

"பூட்டை ஒடைச்சரட்டுங்களா அக்கா?" என்றார் இவர்.

"பூட்டு கதவோட சேந்த பூட்டு தம்பி! கதவைத் தொட்டுராதீங்க! பின்கதவு வெறும் உள்தாழ்ப்பாள்தான். சமையக்கட்டு மேல ஓட்டைப் பிரிச்சு எறங்கிக்கோங்க. ஓடு போனாப் போச்சு."

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடையிலிருந்து ஏணி கொண்டுவந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, இன்னிக்குக் கரிநாளாச்சே. ஓட்டு மேல ஏறலாங்களா?"

"ஏணியப் புடி" என்றார்.

ஏறி, பத்துப் பதினைந்து ஓடுகளைப் பிரித்து அடுக்கினார். கீழே சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து. இவர் வயிற்றுக்கு அது போதாது. மோகனா ஏணியில் கால் வைத்தாள்.

"நீ வேண்டாம் அம்மணி. கை கால் பெசகிருச்சுன்னா எப்பிடிப் போவே?" என்று தடுத்துவிட்டார்.

மூன்று பேரும் அந்தச் சந்தைப் பார்த்தோம். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். இவர் என் இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாக உள்ளே இறக்கினார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் தெருவே பார்க்க இவர் என் கையைப் பிடித்தது நேற்றுத்தான். "உட்டுராதீங்க, சாரதாக்கா உப்புச் சட்டில கால வெச்சறப் போறேன்" என்றேன். சமையல் மேடையில் கால் பட்டதும் விட்டார்.

உள்ளே இருட்டு. சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பெட்டி எங்கே இருக்கிறது என்று சட்டென்று தெரியவில்லை. தேடியதில் கால் வேறு வலித்தது. சாமி அறைப் பக்கம் கைக்குக் கிடைத்த ஒன்றின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். உறுதியாக இருந்தது. கீழே சக்கரம் இருந்தது.

பின்கதவை மோகனா தட்டினாள். "ம்மா! கெடைச்சுதாம்மா? என்னம்மா பண்றே?"

"இரு கண்ணு, தேடறேன்."

"சாமி ரூம் பக்கம்மா! நீயுந்தானம்மா வெச்சே!"

நான் எழவில்லை. வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். மோகனா தட்டுவதை நிறுத்திவிட்டாள். கதவுக்கு அந்தப்பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறாளோ என்று காது கொடுத்தேன். இல்லை. என்னமோ இங்கிலீஷில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைத்தலை அம்மாளிடம் என்ன சொல்வது என்று இப்போதே ஒத்திகை பார்க்கிறாள்போல. வர முடியவில்லை என்று சொல்வதற்கு.

மேலே ஓட்டுச் சந்தில் இவர் முகம் தெரிந்தது. மகளுக்குக் கேட்காமல் மெதுவாகப் பேசினார்.

"நானுந்தான் ரெண்டு மாசமா காலண்டரப் பொரட்டிப் பாத்துட்டேன் புள்ள. அவ போறதுதான் சரி. எடுத்துக் குடு."

எனக்குத் தொண்டைக்குள் ஒட்டடை போய்விட்டது. இருமிவிட்டு எழுந்தேன். பெட்டியை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. காலைச் சுவரில் கொடுத்து இழுத்தேன். வந்தது.

கதவு திறந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. மோகனா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பெட்டியைத்தான் பிடுங்குவாள் என்று ஒதுங்கினேன். என்னைக் கட்டிக்கொண்டாள். என் தலையெல்லாம் ஒட்டடை. அவள் புதுச் சட்டையெல்லாம் கரி.

"பாரு, சட்டை பாழாப் போச்சு" என்றேன்.

"போகட்டும்மா" என்றாள்.

பெட்டி எங்கள் வாசல்படியைத் தொடாமல் நேராகக் காரில் ஏறியது. இவர் ஓடுகளைத் திரும்ப அடுக்கிவிட்டுக் குளித்து வருவதற்குள் மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ராகு காலம். இவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றார். நான் கிண்டல் பண்ணவில்லை. எத்தனையோ வாய்க்கு வந்தது.

பொள்ளாச்சியைத் தாண்டினோம். பாலக்காட்டுக்கு முன்னால் மழை பிடித்தது. மோகனா என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். டிரைவர் மெதுவாகப் பாட்டுப் போட்டார். இவர் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கொச்சி விமான நிலையத்தில் பயணச்சீட்டு இருக்கிறவர்களை மட்டுந்தான் உள்ளே விடுகிறார்கள். வாசலில் அவள் அப்பா காலைத் தொட்டாள். என் காலைத் தொடக் குனிந்தவளை, "மண்புழுவுக்கு நான் கேட்டதாச் சொல்லு" என்று தூக்கிவிட்டேன். சிப்பாய் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், விட்டுவிட்டார். கண்ணாடிக்குள் கொஞ்ச தூரம் தெரிந்தாள். அப்புறம் கூட்டத்தில் எது அவள் தலை என்று தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் தூணோரம் நின்றோம். இவர் எனக்கு டீ வாங்கப் போனார். போன் அடித்தது.

"ம்மா, பெட்டி போட்டாச்சு. சன்னலோர சீட்டு குடுத்துட்டாங்க."

"சரி சாமி."

"ம்மா, ஒண்ணு கேக்கட்டா? அந்த வூட்டுக்குள்ள அத்தனை நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?"

கிண்டலாக ஏதாவது வரும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

"நீ போகாட்டி எப்பிடி இருக்கும்னு உக்காந்து யோசிச்சுப் பாத்தேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் தாழ்ப்பாளைத் தெறந்துட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் எங்கோ போகிற விமானத்தைப் பற்றி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்போ திங்கக்கெழமை பெட்டி நாபகம் வர்லீன்னது?" என்றாள் மோகனா.

"இங்க ஒரே எரச்சலாக் கெடக்குது கண்ணு, ஒண்ணுமே கேக்க மாட்டீங்குது" என்றேன்.

அவள் சிரித்தது மட்டும் நன்றாகக் கேட்டது.